ஸ்பிண்டில் சாண்டர் வாங்கப் போறீங்களா? மோட்டாரை அப்புறம் பாருங்க

ஸ்பிண்டில் சாண்டர்னா, டேபிள் நடுவுல ஓட்டை வழியா நேரா நிக்கிற தண்டு, அதுல ஒரு உருளை (ட்ரம்), அது மேல உப்புத்தாள் உறை (ஸ்லீவ்), இதெல்லாம் சுத்தி மரத்தோட விளிம்பைத் தேய்க்குற மெஷின். உள்வளைவு வேலை செய்யுற யாருக்கும் ஒரு கட்டத்துல இந்த மெஷின் மேல கண்ணு போயிடும். வெளிப்பக்கமா புடைச்சு வர்ற வளைவுன்னா கவலையே இல்ல, டிஸ்க் சாண்டர், பெல்ட் சாண்டர், இழைப்புளி, அரம்னு எதை எடுத்தாலும் ஒரு வழியா கொண்டுவந்துடலாம், ஆனா உள்பக்கமா குழிஞ்சு போற வளைவு இருக்கே, ரம்பத்தோட கைப்பிடி ஓட்டை, நாற்காலிக் கைக்குக் கீழ வர்ற வளைவு, கிதாரோட இடுப்பு, இதுக்குள்ளலாம் தட்டையான எதுவும் போகாது. உருளைக் கட்டையில உப்புத்தாளைச் சுத்தி கையால தேய்ச்சா வழவழன்னு வரும், தொட்டுப் பாத்தா நல்லாவே இருக்கும். ஆனா மூலைமட்டத்தை வச்சு வெளிச்சத்துக்கு எதிரா பாருங்க, நடுவுல மேடா இருக்கும், மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் உருண்டு போயிருக்கும். கை எவ்வளவு பழகினாலும் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அந்த வளைவுக்குள்ள இன்னொரு துண்டு பொருந்தணும்னா அந்த உருண்ட விளிம்பு மொத்த வேலையையும் கெடுத்துடும்.

அதனால ஆசிலேட்டிங், அதாவது சுத்திக்கிட்டே மேல கீழ ஆடுற, ஸ்பிண்டில் சாண்டர் வாங்குறவங்க எதுக்குக் காசு கொடுக்குறாங்கன்னு என்னைக் கேட்டா, டேபிளும் ட்ரம்மும் சந்திக்கிற அந்த 90 டிகிரிக்குத்தான்னு சொல்லுவேன். விளம்பரத்துல பெரிய எழுத்துல போடுறது மோட்டார் பவர், கூட கொடுக்குற ஸ்லீவ் எண்ணிக்கை, டேபிள் சாயுற கோணம், இதெல்லாம். டேபிள் நடுவுல இருக்குற அந்த வட்ட ஓட்டை, அதுல ஏறி நிக்கிற தண்டு, ரெண்டுக்கும் நடுவுல இருக்குற சந்து, இதைப் பத்தி ஒரு வரி இருக்காது. வாங்குன பிறகு தினமும் நம்ம கண்ணு முன்னாடி இருக்கப்போறது அந்த இடம்தான்.

முதல்ல இது ஏன் மேலயும் கீழயும் ஆடுதுன்னு பாத்துடலாம், ஏன்னா அது தெரிஞ்சாத்தான் எது முக்கியம் எது முக்கியமில்லன்னு பிடிபடும். ஒரு ட்ரம் வெறுமனே சுத்திக்கிட்டு மட்டும் இருந்தா, ஸ்லீவ்ல இருக்குற ஒவ்வொரு மணலும் மரத்துல அதே உயரத்துல அதே கோட்டுலயேதான் திரும்பத் திரும்ப உரசும். மரத்துல நீளநீளமா கோடு விழும், உரசுற இடம் சூடாகும், மரத்தூளும் பிசினும் அந்தப் பட்டையில போயி அடைச்சுக்கும், அடைச்சதும் இன்னும் சூடாகும், கடைசியில மரம் கருகும். ட்ரம் சுத்திக்கிட்டே ஏறி இறங்குனா ஒவ்வொரு மணலும் சாய்வா ஒரு பாதையில போகும், ஒரு கோடு விழுறதுக்குள்ள அடுத்தது அதைக் குறுக்க அழிச்சிடும், சூடும் பரவிப் போயிடும். சின்ன மேஜை மெஷின்கள் பலதுல நிமிஷத்துக்கு 2000 சுத்து, 58 ஏற்ற இறக்கம்னு போட்டிருப்பாங்க. அப்படின்னா ஒரு தடவை மேல போயி கீழ வர்றதுக்குள்ள ட்ரம் 34 சுத்து சுத்திடுது. ஏறி இறங்குற தூரம் மெஷினைப் பொறுத்து 16 மி.மீ.லருந்து 25 மி.மீ. வரைக்கும் இருக்கும். நிமிஷத்துக்கு 30 தடவை ஆடுற மெஷினும் இருக்கு, அதுவும் நல்லாவே வேலை செய்யுது, அதனால 58ஆ 60ஆங்குற ஒப்பீட்டுல மண்டையை உடைச்சிக்க வேண்டாம்.

"எங்கிட்ட டிரில் பிரஸ் இருக்கே, அதுல ஒரு சாண்டிங் ட்ரம் மாட்டிக்கிட்டா போதாதா"ன்னு ஒரு கேள்வி எப்பவும் வரும். எப்பவாவது ஒண்ணு ரெண்டு துண்டுக்குப் போதும்தான், மறுக்கல. ஆனா டிரில் பிரஸ் மேலருந்து கீழ அழுத்துறதுக்குன்னு செஞ்ச மெஷின். நிறைய டிரில் பிரஸ்ல சக்கு (பிட்டைப் பிடிக்கிற பாகம்) ஒரு டேப்பர்ல (கூம்பான முனையில) சும்மா இறுக்கத்துலதான் நிக்குது, நட்டு போல்ட்டுலாம் கிடையாது. கீழருந்து மேல அழுத்துனா அது இன்னும் இறுகும், பக்கவாட்டுல தொடர்ந்து தள்ளுனா தளர்ந்து ஓடும்போதே கழண்டு விழக்கூட செய்யும். பேரிங்கும் அந்தப் பக்கவாட்டு அழுத்தத்துக்குத் தேஞ்சு போயிடும், அப்புறம் ஓட்டை போடுற வேலைக்கே அது நேரா நிக்காது. இதுல தூசி இழுக்க வழியும் இல்ல, மேல கீழ ஆட்டமும் இல்ல. நல்ல டிரில் பிரஸ் வச்சிருக்கவங்க அதைப் பாதுகாக்குறதுக்காகவே தனியா ஒரு ஸ்பிண்டில் சாண்டர் வாங்கலாம்னு நான் நெனைக்கிறேன்.

இப்ப ட்ரம் சைஸுக்கு வருவோம். மேஜை மெஷின்கள்ல வழக்கமா வர்றது அரை இன்ச், முக்கால், ஒண்ணு, ஒன்றரை, ரெண்டு, மூணு இன்ச். அரை இன்ச்சுக்கு பெரும்பாலும் ரப்பர் ட்ரம்மே இருக்காது, ஸ்லீவை நேரா தண்டு மேலயே மாட்டுறதுதான். எல்லாத்தையும் ஒரே மாதிரி நெனைச்சிடாதீங்க, தண்டு ஒரே வேகத்துல சுத்துனாலும் உரசுற வேகம் ட்ரம்முக்கு ட்ரம் மாறும். மூணு இன்ச் ட்ரம்மோட சுற்றளவு ஏறக்குறைய 239 மி.மீ., 2000 ஆர்பிஎம்ல அதோட மேற்பரப்பு நொடிக்கு 8 மீட்டர் ஓடுது. அரை இன்ச்சுக்கு சுற்றளவு 40 மி.மீ.தான், நொடிக்கு 1.3 மீட்டர். ஆறு மடங்கு வித்தியாசம். அதனாலதான் சின்ன ட்ரம்ல மரம் மெதுவா தேயுது, மெதுவா தேயுதேன்னு நாம அழுத்துறோம், அழுத்துனா மரத்தைத் தொடுற இடம் ஒரு கோடு அகலம்தான் இருக்குறதால சட்டுன்னு அங்க ஒரு பள்ளம் விழுந்துடுது. சின்ன ட்ரம்ல செஞ்ச வளைவு அலையலையா இருக்குறதுக்கு இதுதான் காரணம்.

உள்ள போற அளவுல எது பெரிய ட்ரம்மோ அதைத்தான் எப்பவும் போடணும். பெரிய ட்ரம் மரத்தை நீளமா தொடும், பழைய மேடுபள்ளத்தை மேல மேல தட்டிவிட்டுக்கிட்டே போகும். வளைவோட ஆரம் ஒரு இன்ச்னா ரெண்டு இன்ச் ட்ரம் கணக்குக்குச் சரியா உக்காரும், ஆனா சரியா உக்காந்தா நகர்த்த இடமே இருக்காது, முழு வளைவும் ஒரே நேரத்துல உரசி கருகிடும், அதனால ஒன்றரை இன்ச் போடணும். இதை இன்னும் ஒரு படி முன்னாடியே யோசிக்கலாம்: வடிவத்தை வரையும்போதே உள்மூலை வளைவுக்கெல்லாம் நம்மகிட்ட இருக்குற ட்ரம் ஆரத்தைவிட 2, 3 மி.மீ. கூட வச்சு வரைஞ்சிட்டா பின்னாடி தலைவலியே கிடையாது. அரை இன்ச் ட்ரம்னா அதோட ஆரம் 6.35 மி.மீ., அதைவிட இறுக்கமான மூலைக்கு இந்த மெஷின் போகவே போகாது, அங்க வட்ட அரம்தான் கதி. நீங்க செய்யுற வேலையில பெரும்பாலான உள்வளைவு எந்த ஆரத்துல வருதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க, எந்த மெஷின் வேணும்ங்குறதுல பாதி முடிவு அங்கயே வந்துடும்.

இனி அந்த டேபிளும் தண்டும் சந்திக்கிற இடம். மெஷினை நேர்ல பாக்க வாய்ப்பு இருந்தா ஒரு சின்ன மூலைமட்டத்தைக் கையோட கொண்டு போங்க. ட்ரம்மை மாட்டி மேல நட்டைச் சாதாரண அளவுக்கு இறுக்கிட்டு, மட்டத்தை டேபிள்ல வச்சு ட்ரம்மோட ஒட்டவச்சு, முன்பக்கம், பின்பக்கம், இடது, வலதுன்னு நாலு பக்கமும் பாக்கணும். நாலு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா அருமை. முன்னாடி சந்து பின்னாடி ஒட்டுதுன்னா டேபிள் சாஞ்சிருக்கு, அதை திருகு வச்சோ அடியில ஷிம் (மெல்லிய தகடு) கொடுத்தோ சரிபண்ண வழி இருக்கான்னு பாருங்க, வழியில்லன்னா அந்த மெஷின் வேண்டாம். அப்புறம் பிளக்கைப் பிடுங்கிட்டு ட்ரம்மைக் கையால மெதுவா சுத்துங்க. மட்டத்துக்கும் ட்ரம்முக்கும் நடுவுல இருக்குற வெளிச்சக் கோடு ஒரே அகலத்துல இருக்கணும். அது மூச்சு விடுற மாதிரி பெருசாகி சின்னதாகுதுன்னா ஒண்ணு ரப்பர் ட்ரம் வட்டமா இல்ல, இல்ல தண்டே வளைஞ்சிருக்கு. ரப்பர்னா மாத்திக்கலாம், இல்லன்னா கட்டையில ஒட்டுன உப்புத்தாளை மெதுவா காட்டி வட்டமாக்கிடலாம். தண்டு வளைஞ்சிருந்தா திருப்பிக் கொடுத்துடுங்க.

நட்டை இறுக்குறதுலயும் ஒரு விஷயம் இருக்கு. ரப்பர் ட்ரம் எப்படி ஸ்லீவைப் பிடிக்குதுன்னா, மேல வாஷரை வச்சு நட்டை இறுக்கும்போது ரப்பர் நசுங்கி வெளிய புடைக்குது, அந்தப் புடைப்புதான் ஸ்லீவை உள்ளருந்து இறுக்கிப் பிடிக்குது. கொஞ்சம் அதிகமா இறுக்கிட்டா நடு மட்டும் பீப்பாய் மாதிரி உப்பிடும், அப்புறம் டேபிள் எவ்வளவு துல்லியமா இருந்தாலும் விளிம்பு குழிஞ்சுதான் வரும். ஸ்லீவைக் கையால பிடிச்சுத் திருப்புனா வழுக்கக்கூடாது, அந்த அளவுக்கு இறுக்குனா போதும்.

டேபிள்ல ஓட்டைக்குள்ள போடுற வளையம், இன்சர்ட்னு சொல்றது, ஒவ்வொரு ட்ரம்முக்கும் ஏத்த மாதிரி தனித்தனியா வரணும். ட்ரம்முக்கும் இன்சர்ட்டுக்கும் நடுவுல பெரிய சந்து இருந்தா சின்னத் துண்டோட நுனி அதுக்குள்ள சாஞ்சு போயி மாட்டிக்கும், விரலும் அப்படியே கூட போயிடலாம். சந்து ரொம்பக் குறைஞ்சாலும் தூசி கீழ இறங்காது. டேபிளைச் சாய்க்கும்போது வட்ட ஓட்டைக்குள்ள தண்டு இடிக்கும், அதுக்குத்தான் முட்டை வடிவ இன்சர்ட் தனியா கொடுக்குறாங்க. அந்த இன்சர்ட் டேபிளோட சமமா உக்காருதான்னு விரல் நகத்தை ஓட்டிப் பாருங்க. மேல தூக்கிக்கிட்டு இருந்தா பலகை தடுக்கும், உள்ள அமுங்கி இருந்தா அடியில டேப் ஒட்டிச் சரிபண்ணிக்கலாம்.

சாயுற டேபிள் தேவையான்னா, நான் அதை ரெண்டாவது வரிசையிலதான் வைப்பேன். சாய்வான விளிம்பு வேணும்ங்குற வேலை வீட்டுப் பட்டறையில அபூர்வம், வேணும்னா சாய்வா ஒரு கட்டையை அடியில வச்சும் செஞ்சுக்கலாம். சாயுற டேபிள் எல்லாத்துலயும் திரும்ப 90க்குக் கொண்டு வர்றது ஒரு வேலை, அந்த நிறுத்தம் நல்லா இல்லன்னா ஒவ்வொரு தடவையும் மட்டம் வச்சுப் பாக்கணும். அசையாத வார்ப்பிரும்பு டேபிள் இருந்தா எனக்கு அதுவே இஷ்டம்.

மோட்டாரைப் பத்தி அதிகம் சொல்றதுக்கு இல்ல. அரை குதிரைசக்தி, அதாவது 370 வாட் கிட்ட, வீட்டு வேலைக்குத் தாராளம், ஏன்னா இந்த மெஷின்ல அழுத்தவே கூடாது. கார்பன் பிரஷ் வச்ச மோட்டாரைவிட இண்டக்ஷன் மோட்டார் சத்தம் குறைவு, நீண்ட நேரம் ஓட்டும்போது அது பெரிய நிம்மதி. வேற நாட்டுலருந்து வரவழைக்கிறவங்க மட்டும் ஒண்ணு கவனிங்க, 60 ஹெர்ட்ஸ் கரண்ட்ல 1725 ஆர்பிஎம் ஓடுற இண்டக்ஷன் மோட்டார் நம்ம ஊரு 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல 1425 கிட்டதான் ஓடும், டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாத்துமே தவிர ஹெர்ட்ஸை மாத்தாது.

வகைன்னு பாத்தா மூணு. மேஜை மேல வைக்கிற தனி ஸ்பிண்டில் சாண்டர், வென், ட்ரைட்டன் மாதிரி கம்பெனிங்க செய்யுறது, வீட்டுப் பட்டறைக்கு இதுதான் பொதுவான வழி. ரெண்டாவது பெல்ட்டும் ஸ்பிண்டிலும் சேர்ந்தது, ரிட்ஜிட்டோட ஈபி4424 இதுல நல்லா பேர் வாங்குன ஒண்ணு, 4 இன்ச் அகலம் 24 இன்ச் சுற்றளவு பெல்ட்டைக் கழட்டிட்டு அதே தண்டுல ட்ரம் மாட்டிக்கலாம், பெல்ட்டும் மேல கீழ ஆடும். இடம் கம்மியா இருந்து, பெல்ட் சாண்டரும் இல்லாதவங்களுக்கு நான் யோசிக்காம சொல்றது இந்த மாதிரி சேர்ந்த மெஷின்தான். நேர் விளிம்பு, வெளிவளைவு, உள்வளைவு மூணும் ஒரே இடத்துல முடிஞ்சுடும். என்ன, பெல்ட்லருந்து ட்ரம்முக்கு மாத்த ஒவ்வொரு தடவையும் கழட்டி மாட்டணும், ஒரே துண்டுக்கு ரெண்டும் மாத்தி மாத்தி வேணும்னா பொறுமை போயிடும். மூணாவது தரையில நிக்கிற பெரிய மெஷின், கனமான வார்ப்பிரும்பு, உயரமான ட்ரம், நாள் முழுக்க ஓடும். நாற்காலியே தொழிலா செய்யுறவங்களுக்கு அது, மத்தவங்களுக்கு அது அடைக்கிற இடத்துல ஒரு நல்ல பேண்ட்சா (பட்டை ரம்ப மெஷின்) வச்சுக்கலாம்.

ஸ்லீவ் விஷயத்துக்கு நான் மோட்டாரைவிட அதிக முக்கியத்துவம் கொடுப்பேன். மெஷின் ஒரு தடவை வாங்குறது, ஸ்லீவ் ஆயுசு முழுக்க வாங்குறது. மேஜை மெஷின்ல நாலரை இன்ச் உயர ஸ்லீவ் பரவலா கிடைக்குது, வேற சில மெஷினுக்கு ஐந்தரை, ஆறு, ஒன்பது இன்ச்னு வேற உயரம் வேணும். மெஷினைப் பிடிச்சிப்போய் வாங்குறதுக்கு முன்னாடி அதோட ஸ்லீவ் எல்லா சைஸுலயும், குறிப்பா முக்கால் இன்ச், வேற கம்பெனிகிட்டயும் கிடைக்குதான்னு தேடிப் பாருங்க. அந்த ஒரு கம்பெனிகிட்ட மட்டும்தான் கிடைக்கும்னா விலகிடுங்க. ஸ்லீவ்ல ஒட்டு எப்படிப் போட்டிருக்குன்னும் பாருங்க, ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி நேரா ஒட்டியிருந்தா அந்த மேடு ஒவ்வொரு சுத்துலயும் மரத்தைத் தட்டும், கையில டகடகன்னு தெரியும். சுருள்சுருளா சுத்தி ஒட்டுனதுல இந்தத் தொல்லை இல்ல.

கிரிட்டை, அதாவது உப்புத்தாளோட மணல் நம்பரை (நம்பர் கூடக்கூட நைஸ்), பொறுத்தவரை 80ம் 150ம் இருந்தா பெரும்பாலான வேலை முடிஞ்சிடும். பேண்ட்சாவுல கோட்டுக்கு ஒரு மி.மீ. வெளிய வெட்டிட்டு, 80ல கோடு வரைக்கும் கொண்டு வந்து, 150ல ஒரு தடவை ஓட்டிட்டு, அதுக்கு மேல கையால மரத்தோட ரேகை வாக்குல தேய்ச்சுக்கலாம். 220 மாதிரி நைஸ் ஸ்லீவை இதுல போட்டா மேப்பிள், செர்ரி மாதிரி மரமெல்லாம் கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள கருகும், வெட்டுமுக ரேகையில அந்தக் கருப்பு ஆழமா இறங்கிடும், எடுக்குறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். பைன் மாதிரி பிசின் மரத்துல ஸ்லீவ் அடைச்சுக்கும், அதுக்கு கிரேப் ரப்பர் கட்டி ஒண்ணு விக்கிறாங்க, ஓடும்போதே அதைக் காட்டுனா தூளெல்லாம் உதிர்ந்து ஸ்லீவ் திரும்ப வெட்ட ஆரம்பிச்சுடும்.

பலகையை எப்பவும் ட்ரம் சுத்துற திசைக்கு எதிரா நகர்த்தணும். அதே திசையில போனா ட்ரம் பலகையைப் பிடுங்கிக்கிட்டு ஓடும். ட்ரம்மைத் தொடுறதுக்கு முன்னாடியே கை நகர ஆரம்பிச்சிருக்கணும், விலகுன பிறகுதான் நிக்கணும். வளைவுக்குள்ள ஒரு நொடி நின்னுட்டாலும் அங்க ஒரு குழி விழுந்துடும், பாலிஷ் போட்ட பிறகுதான் அது கண்ணுக்குத் தெரியும். கையுறை போடவே கூடாது.

தூசியைப் பத்தி லேசா சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரல. இந்த மெஷின் தள்ளுறது சுருள் சீவல் இல்ல, மாவு. உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவான ஐஏஆர்சி 1995ல மரத்தூசியை மனுஷங்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குற முதல் வகையிலயே சேர்த்துடுச்சு. எம்டிஎஃப்னா (மரநாரைப் பசை சேர்த்து அழுத்திச் செஞ்ச பலகை) அந்தப் பசையோட தூசியும் சேர்ந்து வரும். மேஜை மெஷின்கள்ல தூசிக் குழாய் பெரும்பாலும் 38 மி.மீ. மாதிரி சின்னதா இருக்கும், அதுக்கு 100 மி.மீ. ஹோஸ் போட்ட பெரிய டஸ்ட் கலெக்டரைவிட ஷாப் வேக்யூம்தான் ஒத்துப்போகும், ஏன்னா சின்ன ஓட்டை வழியா இழுக்க காத்தோட அளவைவிட இழுவிசைதான் வேணும். வேக்யூம் போட்டாலும் மாஸ்க் வேணும். வேக்யூம் இல்லாம இந்த மெஷினை மூடுன அறையில ஓட்டுறது எனக்குச் சம்மதமே இல்ல, மெஷினுக்கும் நல்லதில்ல, அந்த மாவு இன்சர்ட் வழியா இறங்கி தண்டை ஏத்தி இறக்குற பாகத்துலதான் போயி அப்பிக்கும்.

ஒரே வடிவத்துல நிறைய துண்டு செய்யுறவங்க டெம்ப்ளேட் (மாதிரி வடிவப் பலகை) வச்சு ரவுட்டர்ல (சுத்துற பிட்டால விளிம்பைச் செதுக்குற மெஷின்) ஓட்டிடலாமேன்னு கேப்பாங்க. ஓட்டலாம், வேகமும் அதிகம், ஆனா உள்வளைவுல ரேகை திரும்புற இடத்துல பிட் மரத்தைப் பிச்சு எடுத்துடும். ஸ்பிண்டில் பிச்சு எடுக்காது. ட்ரம் அளவுக்கே ஒரு வளையம் டேபிள்ல பொருத்தி, அதை டெம்ப்ளேட் தொட்டுக்கிட்டே போற மாதிரி செஞ்சுட்டா இதுலயும் அச்சு அசலா ஒரே வடிவம் வரும்.

மெஷின் வந்ததும் நான் முதல்ல செய்யச் சொல்றது ஒரு மேல்பலகை. நாம தேய்க்குற மரம் வழக்கமா 20, 25 மி.மீ. தடிமன்தான், ஸ்லீவ் உயரம் 115 மி.மீ., அப்ப அடிப்பட்டை மட்டும் தேஞ்சு மேல முக்கால்வாசி புதுசாவே நிக்கும். ஸ்லீவைத் தலைகீழா மாட்டுனா இன்னொரு முனை கிடைக்கும், நடு அப்பவும் சும்மாதான் கிடக்கும். அதனால நல்ல சமமான எம்டிஎஃப் ரெண்டை ஒட்டி 36 மி.மீ. தடிமனுக்கு ஒரு பலகை செஞ்சு, அதிகம் பயன்படுத்துற ட்ரம்முக்கு நடுவுல ஓட்டை போட்டு, டேபிள் மேல கிளாம்ப் பண்ணிட்டா பலகை ஸ்லீவோட நடுப்பட்டையில உரசும். ஓட்டை ட்ரம்மைச் சுத்தி 3 மி.மீ. தள்ளி இருக்கட்டும், தூசி இறங்க வழி வேணும். கிளாம்ப் போட்ட பிறகு மூலைமட்டத்தை எடுத்து நாலு பக்கமும் திரும்ப ஒரு தடவை பாத்துடுங்க, எம்டிஎஃப் அடியில ஒரு துணுக்கு மரத்தூள் மாட்டியிருந்தாலும் அந்த 90 போயிடும்.